பச்சிளம் குழந்தையின் வலி: எந்த மருந்து, எந்த நேரத்தில், எப்போது மருந்தே வேண்டாம்

பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தைக்கு வலி தெரியுமா என்று இன்று என்.ஐ.சி.யு. எனப்படும் எந்தப் பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் யாரும் கேட்பதில்லை. தெரியும். ஆனால் அந்த வலிக்கு என்ன கொடுப்பது என்பதில் யூனிட்டுக்கு யூனிட் வழக்கம் மாறுகிறது. 18 ஐரோப்பிய நாடுகளில் 243 யூனிட்டுகளில் இருந்த 6,680 குழந்தைகளைக் கவனித்து 2015இல் வெளியான யூரோபெயின் ஆய்வில், ட்யூப் போட்டு வென்டிலேட்டரில் இருந்த குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்கு வலிநிவாரணியோ தூக்க மருந்தோ போயிருந்தது. எந்த மருந்து, சொட்டாக விடுவதா அவ்வப்போது ஊசியாகப் போடுவதா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் வேறாக இருந்தது. கர்ப்பத்தின் ஒரே வாரத்தில் பிறந்து ஒரே நோயோடு இருக்கும் இரண்டு குழந்தைகள், எந்த யூனிட்டில் சேர்ந்தார்கள் என்பதை மட்டும் வைத்து வெவ்வேறு மருந்து வாங்குகிறார்கள் என்றால், அந்தத் தேர்வுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

தொட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற நர்ஸையும், "எங்க குழந்தைக்கு என்ன மருந்து போகுது, எதுக்குப் போகுது?" என்று கேட்கிற அம்மா அப்பாவையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். டோஸ் முடிவு செய்வது குழந்தையின் வாரம், எடை, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் தெரிந்த டாக்டரின் வேலை. ஆனால் ஒரு விஷயத்தை எல்லோரும் கையில் வைத்திருக்கலாம்: தூங்க வைக்கிற மருந்து வலியைப் போக்காது, நாள்கணக்கில் நீடிக்கும் வலிக்கான மருந்து, சுருக்கென்று குத்துகிற வலிக்கு உதவாது. எந்த வலி, எத்தனை நேரத்துக்கு என்று முதலில் பதில் சொல்லிவிட்டால் தேர்வில் பாதி முடிந்துவிடும்.

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு, அதை மறக்கக் கூடாது. 1980கள் வரை பல இடங்களில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தசையை அசையாமல் நிறுத்தும் மருந்தை மட்டும் கொடுத்து, கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடோடு, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். நரம்புகளுக்கு உறை முழுதாக வளரவில்லை, அதனால் வலி போய்ச் சேராது என்பது ஒரு வாதம். மயக்க மருந்தைக் குழந்தை தாங்காது என்பது இன்னொன்று. 1987இல் கே. ஜே. எஸ். ஆனந்தும் அவரோடு ஆக்ஸ்ஃபோர்டில் வேலை செய்தவர்களும் பி.டி.ஏ. எனப்படும், இதயத்தை ஒட்டி மூடாமல் நிற்கும் ரத்தக்குழாயைக் கட்டும் ஆபரேஷனுக்குப் போன 16 குறைமாதக் குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். எட்டுப் பேருக்கு வழக்கமான மருந்தோடு ஃபென்டனில் என்ற வலிநிவாரணியும் சேர்ந்தது. எட்டுப் பேருக்குச் சேரவில்லை. ஃபென்டனில் கிடைக்காதவர்களின் ரத்தத்தில் அதிர்ச்சி ஹார்மோன்கள் ஏறின, ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம் வந்தன. "மருந்தைத் தாங்காது" என்ற வாதம் அத்தோடு தலைகீழானது: தாங்க முடியாதது வலியைத்தான். அதே ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் பச்சிளம் குழந்தைகளின் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கச் சொன்னது.

அதன் பிறகு அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பல யூனிட்டுகள் மறுபக்கம் போய்விட்டன. வென்டிலேட்டர் போட்டாலே மார்பின் டிரிப், கொஞ்சம் அசைந்தாலே மிடாசோலம் என்ற தூக்க மருந்து. நல்ல எண்ணத்தில் நடந்ததுதான். அதன் விலை பிறகுதான் தெரிந்தது.

குத்துவதற்கு முன்

என்.ஐ.சி.யு.வில் வலியின் பெரும்பகுதி ஆபரேஷனில் வருவதில்லை. பாரிஸ் பகுதியில் 430 குழந்தைகளை முதல் 14 நாட்கள் கவனித்து 2008இல் கார்பஹால் குழு எழுதிய ஆய்வில், ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு நடுத்தரமாக 16 செயல்கள் நடந்தன. அதில் பத்து வலி தரக்கூடியவை. வலி தந்த அந்தச் செயல்களில் ஏறத்தாழ 80 சதவீதத்துக்கு முன்கூட்டி எந்த வலி தடுப்பும் கொடுக்கப்படவில்லை. குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பது, மூக்கிலும் ட்யூபிலும் சளியை உறிஞ்ச சக்ஷன் போடுவது, ஐ.வி. லைன் போடுவது, பிளாஸ்டர் உரிப்பது. பெரிய ஆபரேஷனுக்கு எல்லோரும் மருந்தை யோசிக்கிறோம். இந்தப் பத்துக்குத்தான் யாரும் யோசிப்பதில்லை.

குதிகாலைக் குத்தும்போது முகத்தைப் பார்த்தால் போதும். புருவங்கள் நடுவே கூடி மேடாகும். கண்கள் இறுக மூடும். மூக்கின் ஓரத்திலிருந்து வாய் வரை ஒரு பள்ளம் ஆழமாக விழும். கைவிரல்கள் விரிந்து நிற்கும். மானிட்டரில் இதயத் துடிப்பு ஏறும், ஆக்சிஜன் எண் இறங்கும். பிப்-ஆர் என்ற வலி அளவுகோல் இவற்றைத்தான் எண்ணாக மாற்றுகிறது: முகத்தின் அந்த மூன்று அறிகுறிகள், துடிப்பு, ஆக்சிஜன், குழந்தை விழித்திருக்கிறதா என்பது, எத்தனையாவது வாரக் குழந்தை என்பது. கடைசியில் சொன்ன வாரக் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. 25 வாரக் குழந்தைக்கு முகத்தைச் சுருக்கக்கூட வலு இருக்காது. களைத்துப்போன சின்னக் குழந்தை குத்தும்போது அசையாமல் கிடந்தால் அதை வலியில்லை என்று எழுதிவிடக் கூடாது.

இந்தச் சுருக்கமான குத்தல்களுக்கு என்னென்ன வழி இருக்கிறது? முதலில் எதெல்லாம் உதவாது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவைதான் உடனே ஞாபகத்துக்கு வருபவை. பாரசிட்டமால் குதிகால் குத்தலுக்கு வேலை செய்வதில்லை. தோலை மரக்கச் செய்யும் எம்லா க்ரீமும் குதிகாலில் பயனில்லை. நரம்பில் ஊசி போடும்போதும் முதுகுத்தண்டில் நீர் எடுக்கும்போதும் பயன்படும், ஆனால் சுமார் ஒரு மணி நேரம் முன்னாலேயே பூச வேண்டும், அடிக்கடி பூசினால் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபின் கூடும் ஆபத்து இருக்கிறது. மார்பின் டிரிப் ஓடிக்கொண்டிருந்தாலும் குதிகால் குத்தலுக்குப் போதாது. 2005இல் வெளியான ஒரு ஆய்வு வென்டிலேட்டரில் இருந்த குறைமாதக் குழந்தைகளிடம் இதை நேரடியாகப் பார்த்தது: மார்பின் ஓடியவர்களும் ஓடாதவர்களும் குத்தலுக்கு ஒரே மாதிரி துடித்தார்கள். "டிரிப் போய்க்கிட்டுதானே இருக்கு" என்று சொல்லிக் குத்துவது அதனால்தான் தவறு.

உதவுபவை எளிமையானவை. தாய்ப்பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே குத்துவது, அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்திருக்கும்போது குத்துவது, இரண்டுமே ஆய்வுகளில் வலி மதிப்பெண்ணைக் குறைத்தவை. பால் குடிக்க முடியாத குழந்தைக்கு ஒருவர் இரண்டு கைகளாலும் கைகாலை மடக்கி, வயிற்றுக்குள் இருந்தபடி ஒடுக்கிப் பிடித்துக்கொள்ளலாம். சப்புவதற்கு ஒரு நிப்பிள் தரலாம். அதோடு 24 சதவீத சுக்ரோஸ், அதாவது சர்க்கரைக் கரைசல்.

சுக்ரோஸைப் பற்றி கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் கொடுக்கப்படுவதும் அதிகம் வாதிக்கப்படுவதும் அதுதான். குத்துவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் சிரிஞ்சிலிருந்து நாக்கின் முன்பக்கத்தில் துளித்துளியாக விட வேண்டும். ட்யூப் வழியாக வயிற்றுக்குள் விட்டால் பலன் இல்லை. அது நாக்கில் பட வேண்டிய மருந்து. அளவு அதிகமானால் நல்லது என்றும் இல்லை: 2018இல் வந்த ஒரு கனடா ஆய்வில் 0.1 மில்லி, 0.5 மில்லி, 1 மில்லி மூன்றுமே ஒரே அளவுக்குத்தான் வேலை செய்தன. அப்படியென்றால் 0.1 மில்லியே போதும். கையில் வைத்திருக்கும் சிரிஞ்சில் அது இரண்டு மூன்று துளி.

ஆனால் 2010இல் லண்டனில் ஸ்லேட்டர் குழு தலையில் மின்முனைகள் வைத்துப் பார்த்தபோது, சுக்ரோஸ் கொடுத்த குழந்தைகளின் முகம் அமைதியானது. மூளையில் குத்தலுக்கு எழும் மின் அலை மட்டும் குறையவில்லை. இதை வைத்து சுக்ரோஸ் வெறும் முகமூடி என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அந்த முடிவு அவசரமாகத் தெரிகிறது. துன்பத்தைத் தணிப்பதும் ஒரு பலன்தான், அழுகை நின்றால் ஆக்சிஜன் இறங்குவதும் நிற்கிறது. ஆனால் அந்த ஆய்வு ஒரு வாசலை அடைக்கிறது: "சுக்ரோஸ் கொடுத்துவிட்டோம், எத்தனை முறை வேண்டுமானாலும் குத்தலாம்" என்று இனி சொல்ல முடியாது. 31 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு முதல் வாரத்தில் சுக்ரோஸ் டோஸ் மிக அதிகமானபோது பின்னால் அசைவு வளர்ச்சியிலும் கவனத்திலும் மதிப்பெண் குறைந்தது என்று 2002இல் ஒரு ஆய்வு சொன்னது. தாய்ப்பாலோ தோல் தொடுகையோ முடிகிற இடத்தில் சுக்ரோஸை இரண்டாவதாக வைப்பதே என் தேர்வு. அம்மா பக்கத்தில் இருக்கிற நேரத்துக்கு ரத்தம் எடுப்பதைத் தள்ளிவைக்க முடிந்தால் தள்ளிவைக்கலாம்; பெரும்பாலும் முடியும்.

குத்தலையே குறைப்பதுதான் எல்லாவற்றையும்விட வலுவான வழி. நாலு டெஸ்ட்டை ஒரே குத்தலில் சேர்த்து எடுப்பது, நாளை காலை எடுக்கும் ரத்தம் உண்மையில் சிகிச்சையை மாற்றுமா என்று ரவுண்ட்ஸில் கேட்பது. முழுமாதக் குழந்தைக்குக் கை பழகியவர் நரம்பிலிருந்து ரத்தம் எடுப்பது குதிகாலைக் குத்தி அழுத்திப் பிழிவதைவிட வலி குறைவு என்பதும் ஆய்வுகளில் நிலைபெற்ற விஷயம்.

வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தை

வாதம் உண்மையில் சூடாவது இங்கேதான்.

குழந்தை வென்டிலேட்டரோடு மல்லுக்கட்டுகிறது, அலாரம் அடிக்கிறது, ஆக்சிஜன் ஏறி இறங்குகிறது. மருந்தைக் கையில் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை பல. ட்யூப் உள்ளே இறங்கி ஒரு நுரையீரலுக்கு மட்டும் போகிறதா? சளி அடைத்திருக்கிறதா? கார்பன் டை ஆக்சைடு ஏறிவிட்டதா? மிஷினின் மூச்சு குழந்தையின் மூச்சோடு சேர்ந்து வருகிறதா? நாப்பி ஈரமா, வெளிச்சம் கண்ணில் அடிக்கிறதா, ஐ.வி. போட்ட கை வீங்கியிருக்கிறதா? இவற்றில் ஒன்று காரணமாக இருக்கும்போது தூக்க மருந்து கொடுத்தால் காரணம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் அடங்கிவிடும். குழந்தையின் மூச்சை உணர்ந்து கூடவே மூச்சு தரும் இன்றைய வென்டிலேட்டர் முறைகளில் மருந்துத் தேவையே குறைகிறது.

அதற்குப் பிறகும் மருந்து வேண்டும் என்றால் நாலு பெயர்கள் முன்னால் வருகின்றன.

மார்பின். அதிகம் ஆராயப்பட்டது இதுதான். 2004இல் வெளியான நியோபெயின் ஆய்வு 23 முதல் 32 வாரத்தில் பிறந்து வென்டிலேட்டரில் இருந்த 898 குழந்தைகளில் பாதிப் பேருக்கு மார்பின் டிரிப்பும் மீதிப் பேருக்கு மருந்து கலக்காத வெறும் கரைசலும் கொடுத்தது. மார்பின் கொடுத்தால் மூளையில் ரத்தக்கசிவும் மரணமும் குறையும் என்பதுதான் எதிர்பார்ப்பு. குறையவில்லை. பிரஷர் இறங்கியது, வென்டிலேட்டர் நாட்கள் கூடின, பால் முழு அளவுக்குப் போவது தாமதமானது. 27 வாரத்துக்குள் பிறந்தவர்களும் ஏற்கெனவே பிரஷர் குறைந்திருந்தவர்களும்தான் அதிகம் தடுமாறினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு 150 குழந்தைகளில் நடந்த நெதர்லாந்து ஆய்விலும், எல்லோருக்கும் பொதுவாக ஓட்டிய மார்பின் டிரிப்பினால் வலி மதிப்பெண் குறையவில்லை. இது கொடூரமான மருந்து என்று இதற்குப் பொருள் இல்லை; நெதர்லாந்துக் குழந்தைகளை எட்டு ஒன்பது வயதில் மறுபடி பார்த்தபோது மார்பினால் தீங்கு எதுவும் தெரியவில்லை. வலி இருக்கிறதா என்று பார்க்காமலே எல்லோருக்கும் ஓட்டுவதால் லாபம் இல்லை என்பதுதான் பொருள்.

மார்பின் உடலை விட்டுப் போகும் வேகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு இரண்டு மணி நேரத்தில் பாதியாகும் மருந்து, முழுமாதக் குழந்தைக்கு ஆறரை மணி நேரமும் குறைமாதக் குழந்தைக்கு ஒன்பது மணி நேரமும் எடுத்துக்கொள்கிறது. டிரிப்பைக் காலையில் கூட்டினால் அதன் முழு விளைவு மறுநாளோ அதற்கும் பிறகோதான் தெரியும். மாலையில் இன்னும் அமைதியாகவில்லை என்று மறுபடி கூட்டினால், பிறகு குழந்தை மூச்சை மறக்கலாம்.

ஃபென்டனில் மார்பினைவிட 80 முதல் 100 மடங்கு வலுவானது, ஓரிரு நிமிடங்களில் வேலையைத் தொடங்குவது. பிரஷரை அவ்வளவாக இறக்காது, குடலையும் மார்பின் அளவுக்கு மந்தமாக்காது. பிரஷர் தள்ளாடும் குழந்தைக்கும், நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறிய குழந்தைக்கும் இதுதான் பொருத்தம். இரண்டு குறைகள் உண்டு. வேகமாகத் தள்ளினால் நெஞ்சுச் சுவர் பலகைபோல் இறுகி, பையால் எவ்வளவு அழுத்தினாலும் காற்று உள்ளே போகாது. அதனால் நிமிடக்கணக்கில் மெதுவாகக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, உடல் இதற்குச் சீக்கிரம் பழகிவிடும். நேற்றைய டோஸ் இன்று போதாமல் போகும். 2013இல் வந்த ஒரு இத்தாலிய ஆய்வில் தேவைப்படும்போது மட்டும் கொடுப்பதோடு ஒப்பிட்டு ஃபென்டனில் டிரிப்பைப் பார்த்தார்கள்: திடீர் வலி கொஞ்சம் குறைந்தது, பதிலுக்கு வென்டிலேட்டர் நேரம் கூடியது, முதல் மலம் கழிவதும் தாமதமானது.

மிடாசோலம். இதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: குறைமாதக் குழந்தைக்கு டிரிப்பாக ஓட்ட வேண்டாம். இது தூங்க வைக்கும், வலியைத் தொடாது. வலியில் துடிக்கும் குழந்தைக்கு இதை மட்டும் கொடுத்தால், துடிப்பதற்கான வழியை அடைத்துவிட்டு வலியை உள்ளேயே விட்டுவிடுகிறோம். 1999இல் 67 குழந்தைகளில் நடந்த நோபெயின் என்ற முன்னோட்ட ஆய்வில் மரணம், பெரிய ரத்தக்கசிவு, மூளை வெண்பகுதிச் சேதம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது மிடாசோலம் குழுவில் 32 சதவீதம், மருந்து இல்லாத குழுவில் 24 சதவீதம், மார்பின் குழுவில் 4 சதவீதம். ஆய்வு சின்னது, மார்பினுக்குக் கிடைத்த அந்தப் பெருமையைப் பெரிய நியோபெயின் உறுதி செய்யவில்லை. ஆனால் மிடாசோலத்தின் மேல் விழுந்த சந்தேகத்தை நீக்கும் எந்த ஆய்வும் வரவில்லை. ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் தொகுப்பும் என்.ஐ.சி.யு.வில் மிடாசோலம் டிரிப்பை ஆதரிக்கப் போதிய சான்று இல்லை என்றே முடிக்கிறது. முதிராத மூளையில் இந்த வகை மருந்து சில சமயம் எதிர்மாறாக வேலை செய்து, வலிப்பு போன்ற வெட்டி இழுக்கும் அசைவுகளை உண்டாக்கும். அதை அமைதிக் குறைவு என்று நினைத்து மறுபடியும் மிடாசோலம் கொடுப்பது உண்மையிலேயே நடக்கக்கூடியது. முழுமாதமான, பெரிய, நாள்பட்ட வென்டிலேட்டர் குழந்தைக்கு, வலிநிவாரணி ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் நிலையில், குறுகிய காலத்துக்கு என்றால் அது வேறு பேச்சு.

டெக்ஸ்மெடிடோமிடின் பட்டியலில் புதியது. தூக்கமும் தருகிறது, ஓரளவு வலியையும் குறைக்கிறது, மூச்சை அடக்குவதில்லை. ட்யூபை எடுக்கும்போதும் ஓடவிடலாம் என்பது பெரிய வசதி. மார்பினில் இருக்கும் குழந்தைக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. இதயத் துடிப்பும் பிரஷரும் இறங்கும், குறைமாதக் குழந்தையின் உடலில் முழுமாதக் குழந்தையைவிட இரண்டு மடங்குக்கு மேல் நேரம் தங்கும். நீண்டகால வளர்ச்சியைப் பின்தொடர்ந்த பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் இதற்கு இன்னும் மார்பினுக்கு இருப்பதுபோல் சேரவில்லை. மார்பின், ஃபென்டனில் அளவு ஏறிக்கொண்டே போகும் பெரிய குழந்தைக்கு அவற்றைக் குறைக்க உதவும் துணை மருந்தாக இதை வைப்பது நியாயம். 26 வாரக் குழந்தைக்கு முதல் நாளே முதல் மருந்தாக எடுப்பதற்கு அவசரம் ஒன்றும் இல்லை.

எல்லாவற்றையும் எடை போட்டால், வென்டிலேட்டரில் இருப்பது மட்டுமே டிரிப்புக்குக் காரணம் ஆகாது. மதிப்பெண் எடுத்துப் பார்த்து, காரணங்களைச் சரிசெய்து, அதற்கும் அடங்காத வலி இருந்தால் பிரஷர் நிலையைப் பொறுத்து மார்பினோ ஃபென்டனிலோ குறைந்த அளவில் தொடங்கி, ஒவ்வொரு ஷிஃப்டிலும் குறைக்க முடியுமா என்று கேட்பதே நான் ஏற்கும் வழி. மதிப்பெண் எடுக்க என்-பாஸ் என்ற அளவுகோல் வசதியானது, ஏனென்றால் அது வலியை மட்டும் அளப்பதில்லை, மருந்து எவ்வளவு ஆழத்துக்குக் குழந்தையை அமுக்கியிருக்கிறது என்பதையும் தனியாக எழுதச் சொல்கிறது. தொட்டாலும் அசையாத குழந்தையின் வலிக் கட்டத்தில் பூஜ்யம் எழுதிவிட்டுப் போகிற ஆபத்தை அந்த இரண்டாவது கட்டம் தடுக்கிறது.

மூச்சுத்திணறலோடு பிறந்து உடலைக் குளிர்விக்கும் சிகிச்சையில் இருக்கும் குழந்தை இதில் ஒரு தனி வகை. 33.5 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம். குளிரில் நடுங்கினால் சிகிச்சையின் பலனே குறையும் என்பதால் இங்கே மருந்துக்கு நியாயம் அதிகம். ஆனால் குளிர்ந்த உடலில், அடிபட்ட கல்லீரலும் சிறுநீரகமும் மார்பினை மெதுவாகத்தான் வெளியேற்றும். ரத்தத்தில் அளவு தேங்கிக்கொண்டே போகும். வழக்கமான டோஸையே வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் "மூளை விழிக்கவில்லையே" என்று கலங்குவதற்கு முன், டிரிப்பின் அளவைப் பார்க்க வேண்டும்.

ட்யூப் போடும் நேரம்

இது சுருக்கமாகச் சொல்ல முடிகிற விஷயம், ஏனென்றால் இங்கே சான்று பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்கிறது. விழித்திருக்கும் குழந்தைக்குத் தொண்டையில் மூச்சுக்குழாயைப் பார்க்கும் கருவியான லாரிங்கோஸ்கோப்பை வைப்பது வலியும் ஆபத்தும் சேர்ந்தது. பிரஷரும் மண்டைக்குள் அழுத்தமும் எகிறும். பிறந்தவுடன் உயிர்காக்கப் போடும் ட்யூப் போன்ற அவசரங்களைத் தவிர மற்ற எல்லா நேரமும் முன்மருந்து வேண்டும் என்று அமெரிக்க அகாடமி 2010இல் சொன்னது. இதயத் துடிப்பு இறங்காமல் இருக்க அட்ரோபின், வலிக்கு ஃபென்டனில், தசை தளர ஒரு மருந்து என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரிசை. தாடை அமைப்பு கோணலான, மாஸ்க்கால் மூச்சு கொடுக்க முடியுமா என்று சந்தேகமுள்ள குழந்தைக்குத் தசை தளர்த்தும் மருந்து கொடுப்பதை மட்டும் பலமுறை யோசிக்க வேண்டும். மிடாசோலம் மட்டும், அல்லது தசை தளர்த்தும் மருந்து மட்டும் என்ற இரண்டும் ஏற்க முடியாதவை. புரோபஃபோல் என்ற மயக்க மருந்து ஒரே மருந்தில் வேலையை முடிக்கும் என்பதால் சிலர் விரும்புகிறார்கள். பிறந்த முதல் நாட்களில் அது பிரஷரை இறக்குவது அடிக்கடி நடப்பதால் குறைமாதத்தில் நான் அதைப் பின்னால்தான் வைப்பேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு

இங்கே பாரசிட்டமால் தன் உண்மையான இடத்தைப் பிடிக்கிறது. குதிகாலில் தோற்ற மருந்து, வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு நரம்பு வழியாக ஒழுங்கான இடைவெளியில் போனால் நன்றாக உதவுகிறது. 2013இல் செலீ குழு ஒரு வயதுக்குட்பட்ட 71 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு பாரசிட்டமால் பெற்றவர்களுக்கு மார்பின் தேவை 66 சதவீதம் குறைந்தது. மூச்சை அடக்காத மருந்து, குடலை நிறுத்தாத மருந்து. அதனால் கேள்வி மார்பினா பாரசிட்டமாலா என்பதைவிட, பாரசிட்டமாலை அடித்தளமாக வைத்து அதற்கு மேல் மார்பின் எவ்வளவு குறைவாகப் போதும் என்பதுதான். ஆசனவாய் வழியாகக் கொடுக்கும் பாரசிட்டமால் எவ்வளவு உள்ளே போகிறது என்று சொல்ல முடியாது. ஆபரேஷன் வலிக்கு அதை நம்ப வேண்டாம். வெட்டும் இடத்திலேயே சர்ஜன் மரக்கும் மருந்து போட்டிருந்தால் முதல் சில மணி நேரம் இன்னும் எளிது.

முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓபியாய்டை, அதாவது மார்பின், ஃபென்டனில் வகை மருந்தை, தயங்காமல் கொடுக்க வேண்டும். கஞ்சத்தனம் காட்ட வேண்டிய இடம் இது இல்லை. வென்டிலேட்டர் குழந்தைக்கு டிரிப் வேண்டாம் என்று படித்துவிட்டு, வயிறு திறந்த குழந்தைக்கும் அதையே பின்பற்றுவதுதான் இந்த ஆய்வுகளைத் தப்பாகப் படிப்பது.

கண் பரிசோதனையும் ஸ்கேனும்

குறைமாதக் குழந்தையின் விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனையில் இமையை விரித்துப் பிடிக்கிறார்கள். பார்த்துக்கொண்டு நிற்கவே கஷ்டமாக இருக்கும். அதனால் வாய்வழி மார்பின் கொடுத்தால் என்ன என்று ஆக்ஸ்ஃபோர்டில் பாப்பி என்ற ஆய்வு தொடங்கியது. 31 குழந்தைகளோடு நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று: மார்பின் பெற்றவர்களுக்கு மூச்சு நிற்பதும் துடிப்பு இறங்குவதும் கூடியது, வலியிலோ தெளிவான குறைவு இல்லை. கண்ணில் மரக்கும் சொட்டு, துணியால் சுற்றுவது, சுக்ரோஸ், பக்கத்தில் ஒரு கை. இதுவரை இதுதான்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் பெரும்பாலும் மருந்தே தேவைப்படுவதில்லை. நேரம் பார்த்துப் பால் கொடுத்து, காதை மூடி, இறுகச் சுற்றிவிட்டால் பச்சிளம் குழந்தை தானாகத் தூங்கிவிடும். ஸ்கேன் நேரம் பால் நேரத்தோடு ஒத்துப்போகும்படி ரேடியாலஜியிடம் பேசி வைப்பது ஒரு போன் வேலை. அதைத் தவிர்த்துவிட்டுத் தூக்க மருந்து கொடுப்பதற்கு நியாயம் இல்லை. மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், அல்லது பலமுறை, மயக்க மற்றும் தூக்க மருந்துகள் கொடுப்பது வளரும் மூளையைப் பாதிக்கலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016 டிசம்பரில் எச்சரித்தது. தேவையான ஆபரேஷனைத் தள்ளிப்போட அது காரணம் இல்லை. தேவையற்ற மயக்கத்தைத் தவிர்க்கப் போதுமான காரணம்.

நிறுத்துவது

தொடங்கும்போதே நிறுத்தும் நாளையும் எழுதி வைக்கிற யூனிட்டுகள் குறைவு. ஐந்து நாட்களுக்கு மேல் ஓபியாய்ட் ஓடியிருந்தால் சட்டென்று நிறுத்தக் கூடாது. ஆரம்ப டோஸில் 10 முதல் 20 சதவீதம் வீதம் தினமும் குறைத்துக்கொண்டு வருவது வழக்கம்; பல வாரங்கள் ஓடிய மருந்துக்கு அதைவிட மெதுவாக. பழகிய மருந்து குறையும்போது உடல் படும் தொல்லை ஃபென்டனிலில் மார்பினைவிடச் சீக்கிரமாகவும் கடுமையாகவும் வரும். கீச்சென்ற அழுகை, நடுக்கம், வியர்வை, அடுத்தடுத்து தும்மல், கொட்டாவி, தண்ணீராகப் போகும் மலம், பால் குடிக்க மறுப்பது: இவை திரும்பி வந்த வலியாகவும் புதுத் தொற்றாகவும் தவறாகப் படிக்கப்படுகின்றன. தொற்று என்று நினைத்தால் மறுபடி ரத்தப் பரிசோதனை, முதுகில் நீர் எடுப்பது என்று குத்தல்கள் கூடும். இந்த அறிகுறிகளுக்கு மதிப்பெண் போடும் ஃபின்னெகன் அட்டவணை 1975இல் வேறு நோக்கத்துக்காக, போதை மருந்து எடுத்த தாய்மாரின் குழந்தைகளுக்காக உருவானது. இருந்தாலும் நர்ஸ்கள் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஒரே மாதிரி எழுத ஏதோ ஒரு அட்டவணை இருப்பது, இல்லாமல் இருப்பதைவிட நல்லது.

அம்மா அப்பா கேட்க வேண்டிய கேள்விகளும் இதிலேயே இருக்கின்றன. இது வலிக்கான மருந்தா, தூங்க வைக்கிற மருந்தா? இன்றைய வலி மதிப்பெண் எவ்வளவு, நேற்று எவ்வளவு? டிரிப் எத்தனை நாளாக ஓடுகிறது, எப்போது குறைக்கத் தொடங்குவீர்கள்? ரத்தம் எடுக்கும்போது நான் பிடித்துக்கொள்ளலாமா? வேறு யூனிட்டுக்கு மாற்றும்போது எந்த மருந்து, டோஸ் கடைசியாக எந்தத் தேதியில் எவ்வளவு குறைக்கப்பட்டது, அடுத்து எப்போது குறைக்க வேண்டும் என்பது காகிதத்தில் எழுதிக் கூடவே போக வேண்டும். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.